ஹெட்போன் கேபிளை நாமே செய்வதும் பழுது பார்ப்பதும்

ஹெட்போனில் முதலில் போவது உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் அல்ல, கேபிள்தான். கேபிளிலும் நட்டநடுவில் அறுவது அபூர்வம். பிளக்கை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள், இல்லையென்றால் காதுக் கிண்ணத்துக்குள் நுழையும் இடத்தில், செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறியும். இதில் மின்சாரத்தின் குற்றம் எதுவும் இல்லை. ஒரே இடத்தில் மடித்து மடித்து நிமிர்த்தினால் எந்தக் கம்பியும் அறும். ஆகவே கேபிள் செய்யக் கிளம்புகிறவர் இதைப் பாதி மின் வேலை, பாதி கயிற்று வேலை என்று எடுத்துக்கொள்வது நல்லது. புதிதாக வருகிறவர்கள் மின் வேலைக்குப் பயந்து கயிற்று வேலையைக் கோட்டை விடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முதல் கேபிளில் இணைப்புகள் எல்லாம் மணி மணியாக இருந்தன; இரண்டே மாதத்தில் பிளக்கின் கழுத்தில் அறுந்தது.

இன்னொன்று: மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இருப்பதிலேயே எளிய மீட்டர் போதும். ஓம் அளக்க வேண்டும், இரண்டு முனைகளைத் தொட்டால் பீப் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். காதில் மாட்டிப் பார்த்துப் பிழை தேடுகிறவருக்கு ஒரு மாலை முழுவதும் போகும் இடத்தில், மீட்டர் வைத்திருப்பவருக்கு ஒரு நிமிடம் போகும்.

பிளக்கைப் படிக்கக் கற்பது

சாதாரண 3.5 மி.மீ. பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு கருப்புக் கோடுகள் அதை மூன்று உலோகப் பகுதிகளாகப் பிரிக்கின்றன. நுனி இடது காதுக்கு. நடு வளையம் வலது காதுக்கு. பின்னால் இருக்கும் நீளமான பகுதி இரண்டு காதுகளுக்கும் பொதுவான கிரவுண்டு, அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி. பெரிய 6.35 மி.மீ. பிளக்கிலும் இதே வரிசைதான். அந்தப் பெரிய பிளக்குதான் தாத்தா: 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களில் அழைப்புகளைக் கையால் மாற்றிப் போடுவதற்காக வந்தது.

கருப்புக் கோடுகள் மூன்று இருந்தால் அது மைக் உள்ள நான்கு பகுதிப் பிளக். இன்றைய போன்களில் பரவலாக இருக்கும் முறையில் நுனி இடது, முதல் வளையம் வலது, இரண்டாம் வளையம் கிரவுண்டு, அடிப்பகுதி மைக். சில பழைய போன்களில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். பாட்டு மட்டும் கேட்கப் போகிறீர்கள், மைக் வேண்டாம் என்றால் மூன்று பகுதிப் பிளக்கே போதும். அதை நான்கு பகுதிச் சாக்கெட்டில் செருகினால் மைக் கிரவுண்டோடு சேர்ந்துவிடும், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

பேலன்ஸ்டு என்று சொல்லப்படும் வகையில் கிரவுண்டு பொதுவாக இருக்காது. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே ஒரு பிளஸ், ஒரு மைனஸ். 4.4 மி.மீ. பிளக்கில் நுனியிலிருந்து வரிசையாக இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ், கடைசியில் கிரவுண்டு. நான்கு பின் எக்ஸ்.எல்.ஆர். பிளக்கில் 1 முதல் 4 வரை அதே வரிசை. 2.5 மி.மீ. மட்டும் முறுக்கிக்கொண்டு போகும்: நுனி வலது மைனஸ், பிறகு வலது பிளஸ், இடது பிளஸ், அடிப்பகுதி இடது மைனஸ்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பேலன்ஸ்டு ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்டை 3.5 மி.மீ. சாக்கெட்டாக மாற்றும் குட்டி அடாப்டரை ஒருபோதும் செய்யாதீர்கள். இரண்டு மைனஸ்களும் அங்கே ஒன்றாகச் சேரும். ஆனால் அவை சும்மா இருக்கும் கிரவுண்டு அல்ல. அவற்றையும் ஆம்ப்ளிஃபயர் ஓட்டிக்கொண்டிருக்கிறது. சேர்த்துவிட்டால் ஆம்ப்ளிஃபயர் புகையலாம். எதிர்த்திசையில் பயம் இல்லை: பேலன்ஸ்டாக வயர் போட்ட ஹெட்போனை அடாப்டர் வழியாகச் சாதாரண 3.5 சாக்கெட்டில் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதனால்தான் நான்கு வயர் கேபிளைச் செய்து வைத்துக்கொள்வது லாபம்.

எந்த வயர், எவ்வளவு தடிமன்

26 கேஜ் (AWG என்ற தடிமன் அளவு) வயர் புதியவருக்கு நன்றாக அமையும். அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.13 ஓம். ஒன்றரை மீட்டர் கேபிள் என்றால் போக 0.2, வர 0.2, மொத்தம் 0.4 ஓம். 32 ஓம் ஹெட்போனில் இதனால் குறையும் சத்தம் ஒரு டெசிபெலில் பத்தில் ஒரு பங்கு, காதுக்குத் தெரியாது. வெள்ளி பூசிய வயர், ஒற்றைப் படிகச் செம்பு என்றெல்லாம் விலை ஏறிக்கொண்டே போகும் வயர்களை வைத்து உங்கள் முதல் கேபிளைச் செய்யாதீர்கள். முதல் கேபிள் எப்படியும் இரண்டு தடவை வெட்டுப்படும்.

மின்தடை உண்மையிலேயே காதில் தெரியும் இடங்கள் இரண்டு. ஒன்று, காதுக்குள் செருகும் சில இயர்போன்களில் நான்கைந்து சிறிய டிரைவர்கள், அதாவது ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்கள், இருக்கும். சில அதிர்வெண்களில் அவற்றின் மின்தடை மூன்று நான்கு ஓம் வரை இறங்கிவிடும். அங்கே அரை ஓம் கூடினாலும் ஒலியின் சாயல் மாறலாம். இரண்டாவது, பொதுவான கிரவுண்டு வயர். இடது காதின் மின்னோட்டமும் வலது காதின் மின்னோட்டமும் அதே வயர் வழியாகத்தான் திரும்புகின்றன. அந்த வயரில் 0.2 ஓம் இருந்தால், 32 ஓம் ஹெட்போனில் ஒரு பக்கத்து ஒலி மறுபக்கத்தில் ஏறத்தாழ 44 டெசிபெல் தாழ்ந்து கசியும். பெரிய குறை இல்லைதான். ஆனால் காசு செலவில்லாமல் இதைத் தவிர்க்க முடியும்: மூன்று வயருக்குப் பதில் நான்கு வயர் போட்டு, இரண்டு காதுகளின் கிரவுண்டுகளையும் பிளக் வரை தனித்தனியே கொண்டுவந்து அங்கே சேர்த்தால் போதும்.

வயரின் மேலுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிவிசி உறை மலிவு. ஆனால் சூடு பட்டதும் பின்வாங்கிச் சுருங்கும். டெஃப்லான் உறை சூட்டுக்கு அசையாது. ஆனால் விறைப்பு, சட்டையில் உரசினால் அந்தச் சத்தம் நேரே காதுக்கு ஏறும். சிலிகான் உறை மிருதுவானது, சூட்டையும் தாங்கும். ஆனால் ரப்பர் மாதிரி எல்லாவற்றிலும் பிடித்துக்கொள்ளும். பின்னல் வேலையே வேண்டாம் என்றால், ஒரே உறைக்குள் நான்கு வயர் உள்ள மெல்லிய மைக்ரோபோன் கேபிள் அருமையான தேர்வு. அதைச் சுற்றி இருக்கும் வலைப்பின்னல் கவசம் ஹெட்போனுக்குத் தேவையில்லை. பிளக் பக்கத்தில் மட்டும் கிரவுண்டில் சேர்த்துவிட்டு, மறுமுனையில் வெட்டி மூடிவிடலாம். வாங்கும் முன் கேபிளின் வெளி விட்டத்தையும் பிளக்கின் பின் துளையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 4 மி.மீ. துளைக்குள் 4.8 மி.மீ. கேபிள் எவ்வளவு கெஞ்சினாலும் போகாது.

கருவிகள்

சூட்டைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன், வயர் ஸ்ட்ரிப்பர், சிறிய கட்டிங் பிளேயர், கேபிளைப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு கவ்வி, சூடு பட்டால் சுருங்கி இறுகப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய்கள், மீட்டர். பற்றவைக்கும் ஈயம் 0.8 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியது, நடுவில் ரோசின் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) உள்ளது. குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பசையைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். அது செம்பை மெதுவாகத் தின்றுவிடும்.

நாம் ஈயம் என்று பொதுவாகச் சொல்லும் இந்தக் கம்பியில் வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும். 63க்கு 37 என்ற கலவை 183 டிகிரியில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்லது கிடையாது. அயர்னை 320 முதல் 350 வரை வைத்தால் சரி. காரீயம் கலக்காத வகை 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதற்கு இன்னும் 30 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். காரீயம் உள்ளதைத் தொட்டால் வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். ரோசின் புகை மூக்குக்கு நேரே ஏறாதபடி ஜன்னல் ஓரம் உட்காருங்கள். வெட்டும்போது வயர்த் துண்டு கண்ணுக்குத் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

முதல் கேபிள்

நேராக விலையுயர்ந்த ஹெட்போனில் கை வைக்காமல், இரு பக்கமும் 3.5 மி.மீ. பிளக் உள்ள அரை மீட்டர் கேபிள் ஒன்றைச் செய்யுங்கள். செய்ய வேண்டியது எல்லாம் அதிலேயே இருக்கிறது, கெட்டாலும் இழப்பில்லை.

கேபிளை வெட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பிளக்கின் மூடியையும் ஸ்பிரிங்கையும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் கேபிளில் கோத்துக்கொள்வது. அயர்னைச் சூடாக்குவதற்கும் முன்னால். சிரிக்காதீர்கள்: அழகாகப் பற்றவைத்து முடித்து நிமிர்ந்தால் மூடி மேசைமேல் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் இது நடந்திருக்கிறது, எனக்கு இன்னும் நடக்கிறது. பிளக்கோடு மெல்லிய பிளாஸ்டிக் குழல் ஒன்று வந்தால் அதையும் கோர்க்க மறக்க வேண்டாம். உலோக மூடி உள் இணைப்புகளைத் தொடாமல் காப்பது அதுதான்.

அடுத்து மேலுறையை ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உரியுங்கள். உள் வயர்களின் நுனியில் 3 மி.மீ. மட்டும் உரித்தால் போதும். உரிக்கும்போது நான்கைந்து இழைகள் வெட்டுப்பட்டால் அதை அப்படியே விட்டு மேலே போகாதீர்கள், வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். இழைகளை முறுக்கி, அயர்னை அடியில் வைத்து, ஈயத்தை மேலிருந்து தொடுங்கள். சூடான செம்பே ஈயத்தை உறிஞ்ச வேண்டும். அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்து வந்து அப்புவது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. வரும் வழியிலேயே ரோசின் எரிந்து போய்விடும், பிறகு ஈயம் ஒட்டுவதுபோல் நடிக்கும்.

பிளக்கின் காதுகளுக்கும், அதாவது வயரைப் பற்றவைக்கும் உலோக நாக்குகளுக்கும், இதேபோல் முன்கூட்டியே ஈயம் பூசுங்கள். பிளக்கைப் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன்: வேண்டாத பழைய சாக்கெட் ஒன்றில் அதைச் செருகிவிட்டு வேலை செய்யுங்கள். மலிவான பிளக்குகளில் பகுதிகளைப் பிரிக்கும் பிளாஸ்டிக் சூட்டில் இளகி, நுனி கோணிக்கொள்ளும். சாக்கெட்டுக்குள் இருந்தால் அது நேராகவே நிற்கும். கூடுதல் சூட்டையும் சாக்கெட் வாங்கிக்கொள்ளும்.

கிரவுண்டை முதலில் பற்றவையுங்கள். அது பிளக்கின் உடலோடு ஒட்டிய பெரிய உலோகம், சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். சிறிய இணைப்புகளை முதலில் முடித்துவிட்டு இதற்கு வந்தால், இதற்குக் கொடுக்கும் சூட்டில் அவை கழன்றுகொள்ளும். அப்புறம் வளையம், கடைசியில் நுனி. ஈயம் பூசிய வயரை ஈயம் பூசிய காதில் வைத்து இரண்டு மூன்று விநாடி சூடு கொடுத்தாலே இரண்டும் கலந்துவிடும். அயர்னை எடுத்த பிறகு ஈயம் உறையும்வரை கை அசையக் கூடாது. அசைந்தால் வெளியே ஒட்டியது போலவும் உள்ளே விரிசலாகவும் இருக்கும் இணைப்பு கிடைக்கும். இன்று பாடும், அடுத்த வாரம் கரகரக்கும். நல்ல இணைப்பு பளபளப்பாக, வயரின் வடிவம் வெளியே தெரியும்படி படிந்திருக்கும். உருண்டையாகத் திரண்டு நிற்பது கெட்ட இணைப்பு. காரீயம் இல்லாத ஈயம் எப்படி வைத்தாலும் சற்று மங்கலாகவே இருக்கும், ஆகவே அதில் பளபளப்பைப் பார்க்காமல் படிவைப் பாருங்கள்.

ஒவ்வொரு இணைப்பும் முடிந்ததும் மீட்டரை வையுங்கள். மூன்றையும் முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். நுனிக்கு நுனி, வளையத்துக்கு வளையம், உடலுக்கு உடல் பீப் அடிக்க வேண்டும். வேறு எந்த ஜோடியும் அடிக்கக் கூடாது. அளக்கும்போது கேபிளை லேசாக ஆட்டிப் பாருங்கள். மூடியைத் திருகி மூடிய பிறகு இன்னொரு தடவை அளக்க வேண்டும். மூடுவதற்கு முன் சரியாக இருந்து, மூடிய பின் இடது காது ஊமையானால், நுனிக்குப் போன வயரோ ஈயத்தின் முள்ளோ உலோக மூடியைத் தொடுகிறது என்று அர்த்தம்.

கயிற்று வேலை

பிளக்கின் பின்புறம் இரண்டு இறக்கைகள் போல ஒரு கவ்வி இருக்கும். அது மேலுறையைத்தான் பிடிக்க வேண்டும், உள் வயர்களை அல்ல. கேபிளை யாராவது இழுத்தால் இழுப்பு முழுவதும் மேலுறையில் நின்றுவிட வேண்டும், ஈயம் வரை போகக் கூடாது. உள் வயர்களைக் கொஞ்சம் தளர்வாக விடுவதும் இதற்காகத்தான். கேபிள் மெலிதாக இருந்தால் கவ்வி படும் இடத்தில் ஹீட் ஷ்ரிங்க் ஒன்றிரண்டு சுற்று ஏற்றித் தடிமனாக்குங்கள். கவ்வியைப் பிளேயரால் ஆவேசமாக நெரிக்க வேண்டாம். அதன் விளிம்பு உறையைக் கிழித்து உள்ளே இறங்கினால் நீங்களே ஒரு ஷார்ட்டைத் தயாரித்தவர் ஆவீர்கள்.

மூடிக்கு வெளியே, கேபிள் எங்கே மடிகிறதோ அந்த இடத்தைக் கவனியுங்கள். விறைப்பான பிளக் முடிந்து மிருதுவான கேபிள் திடீரென்று தொடங்கினால், மடிப்பு முழுவதும் அந்த ஒரு புள்ளியில் விழும். விறைப்பு படிப்படியாகக் குறைய வேண்டும். நான் செய்வது: 4 செ.மீ. நீளத்தில் ஒரு ஹீட் ஷ்ரிங்க், அதன்மேல் இரண்டரை செ.மீ. நீளத்தில் இன்னொன்று, இரண்டும் மூடிக்குள்ளிருந்தே தொடங்கும்படி. பிளக்கோடு ஸ்பிரிங் வந்திருந்தால் ஒரு குழாயே போதும். உள்ளே பசை பூசிய வகை கிடைத்தால் இன்னும் நல்லது. மூடிக்குள் சூட்டுப் பசை ஊற்றி நிரப்புகிறவர்கள் உண்டு. உறுதியாகத்தான் இருக்கும், ஆனால் நாளைக்குத் திறந்து பழுது பார்க்கிற அன்று உங்களையே திட்டிக்கொள்வீர்கள்.

தனி வயர்களைப் பின்னி கேபிள் ஆக்க விரும்பினால் நான்கு புரிப் பின்னல் எளிது. வலது ஓரத்து வயரை நடு வயர்கள் இரண்டுக்கும் பின்னால் கொண்டுபோய், அவற்றில் இடப்பக்கம் இருப்பதன் மேல் வழியாகத் திரும்பக் கொண்டுவந்து நடுவில் விடுங்கள். அடுத்து இடது ஓரத்து வயருக்கு அதையே எதிர்ப்பக்கமாக. இதுதான் மொத்தப் பின்னலும், மாற்றி மாற்றிச் செய்துகொண்டே போக வேண்டியதுதான். பத்து செ.மீ. தாண்டியதும் கை தானாகப் பழகிவிடும். பின்னல் நீளத்தைத் தின்னும், ஆகவே தேவையான நீளத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். இரு காதுகளுக்கும் பிரியும் இடத்தில் ஒரு ஹீட் ஷ்ரிங்க் போட்டு, இடதுக்கு இரண்டு, வலதுக்கு இரண்டு என்று பிரித்து முறுக்கிவிடலாம். நான்கும் ஒரே நிற வயர் என்றால் பின்னத் தொடங்கும் முன்பே இரு முனைகளிலும் அடையாளம் போட்டுவிடுங்கள்.

ஹெட்போன் பக்கத்துப் பிளக்குகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எந்தப் பின் எதற்கு என்று யார் சொன்னதையும் நம்பாமல், பழைய கேபிளை வெட்டுவதற்கு முன் மீட்டர் வைத்து ஒவ்வொரு பின்னும் எங்கே போகிறது என்று படம் வரைந்துகொள்ளுங்கள். அது ஒன்றுதான் சரியான ஆவணம்.

மூன்று அளவுகளில் நோய் கண்டுபிடிப்பது

கேபிள் ஹெட்போனில் மாட்டியபடியே இருக்கட்டும். மீட்டரை 200 ஓம் அளவில் வையுங்கள். பீப் அளவில் வைக்காதீர்கள்: பல மீட்டர்கள் 30, 50 ஓம் வரைகூட பீப் அடிக்கும், ஆகவே 32 ஓம் டிரைவரையே ஷார்ட் என்று சொல்லி உங்களை ஏமாற்றும். இனி மூன்று அளவுகள்: நுனிக்கும் உடலுக்கும் இடையே, வளையத்துக்கும் உடலுக்கும் இடையே, நுனிக்கும் வளையத்துக்கும் இடையே. நாய்ஸ் கேன்சலிங் போல உள்ளே சர்க்யூட் இல்லாத எந்தச் சாதாரண ஹெட்போனுக்கும் இது பொருந்தும்.

32 ஓம் ஹெட்போன் நலமாக இருந்தால் முதல் இரண்டும் 30ஐ ஒட்டி, மூன்றாவது 60ஐ ஒட்டி வரும். மூன்றாவதில் இரண்டு டிரைவர்களும் தொடராக நிற்பதால் இரட்டிப்பு. மீட்டர் முனை பட்டதும் காதுக் கிண்ணத்தில் மெல்லிய கரகர சத்தம் கேட்கும், அதுவே அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

முதல் அளவு எதுவும் காட்டாமல், இரண்டாவது 30 காட்டி, மூன்றாவதும் எதுவும் காட்டாமல் போனால் இடது வயர் எங்கோ அறுந்திருக்கிறது. வலது அறுந்தால் இதன் மறுபக்கம். முதல் அளவு பூஜ்யத்தை ஒட்டி வந்து மற்ற இரண்டும் 30 காட்டினால், இடது வயர் கிரவுண்டைத் தொடுகிறது. இப்படிப்பட்ட கேபிளைப் போனிலோ ஆம்ப்ளிஃபயரிலோ செருகிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். முதல் இரண்டும் 15ஐ ஒட்டி, மூன்றாவது பூஜ்யம் என்றால் இடதும் வலதும் ஒன்றையொன்று தொடுகின்றன. இரண்டு டிரைவர்களும் பக்கவாட்டில் சேர்ந்ததால் பாதி. இதைக் காதில் மாட்டினால் பாட்டு ஸ்டீரியோ இல்லாமல் நடுவில் குவிந்து கேட்கும்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது கிரவுண்டு அறுவது. முதல் இரண்டு அளவுகளும் எதுவும் காட்டாது, மூன்றாவது மட்டும் 60 காட்டும். அதாவது இடதும் வலதும் கிரவுண்டு இல்லாமல் ஒன்றின் வழியாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்போது காதில் விழுவது இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். பாடகரின் குரல் வழக்கமாக இரண்டு பக்கத்திலும் சமமாகப் பதிந்திருக்கும், ஆகவே அது அப்படியே கழிந்து போய்விடும். பாஸும் போய்விடும். எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வயலினும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். முதல் தடவை எனக்கு இது நடந்தபோது பாட்டுக் கோப்பே கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடி டவுன்லோட் செய்தேன். உங்களுக்குக் குரல் மட்டும் காணாமல் போனால் நேரே கிரவுண்டு இணைப்பைத் திறந்து பாருங்கள். மைக் உள்ள ஹெட்செட்டில் இதே அறிகுறி வந்து, மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் பாட்டு சரியாகிறது என்றால், கேபிள் அறவில்லை: நான் மேலே சொன்ன மைக்-கிரவுண்டு இடமாற்றம்தான் காரணம். அந்தப் பட்டன் மைக்கையும் கிரவுண்டையும் சேர்த்துவிடுவதால் சரியாகிறது.

மீட்டரால் பிடிக்க முடியாத பிழை ஒன்று உண்டு. ஒரு காதில் பிளஸும் மைனஸும் மாறிப்போனால் ஓம் கணக்கு அப்படியே சரியாக வரும். ஆனால் பாஸ் மெலிந்து, குரல் தலைக்கு நடுவே நிற்காமல் இரு ஓரமும் பரவியது போல இருக்கும். போனில் மோனோ என்ற அமைப்பை இயக்கிக் கேளுங்கள். குரல் மூக்குக்கு நேரே ஒரு புள்ளியில் வந்து உட்கார்ந்தால் சரி. உட்காராவிட்டால் ஒரு பக்கத்தின் இரண்டு வயர்களை மட்டும் மாற்றிப் போடுங்கள்.

விட்டு விட்டு வரும் கோளாறு

நிரந்தரமாக அறுந்த வயரைவிட, வந்து வந்து போகும் கோளாறுதான் பொறுமையைச் சோதிக்கும். ஒரே சீரான ஒலி ஒன்றைக் குறைந்த சத்தத்தில் ஓட விடுங்கள். பாட்டு வேண்டாம், பாட்டில் இயல்பாகவே ஏற்ற இறக்கம் இருக்கும். ஹெட்போனை அசையாமல் வைத்து, கேபிளை பிளக்கிலிருந்து தொடங்கி இரண்டு இரண்டு சென்டிமீட்டராக விரல்களுக்கு நடுவே மெதுவாக மடித்துக்கொண்டே போங்கள். வெட்டு விழும் இடம் தெரிந்துவிடும். பிளக்கை அசைத்தால் மட்டும் வெட்டுகிறது என்றால் வேறொரு சாதனத்தில் செருகிப் பாருங்கள். குற்றம் சாக்கெட்டிலும் இருக்கலாம், போன் சாக்கெட்டுக்குள் சேர்ந்த பஞ்சிலும் இருக்கலாம்.

இடம் பிளக்கை ஒட்டி இருந்தால் அதற்கு மேல் இரண்டு மூன்று செ.மீ. தள்ளி வெட்டிவிட்டுப் புதுப் பிளக் போடுங்கள். ஒட்டி வெட்டினால் முறிந்த இழைகள் மிச்சம் இருக்கும். பத்து செ.மீ.க்குள் எங்கோ இருக்கிறது, சரியாகத் தெரியவில்லை என்றால் பத்தையும் வெட்டுங்கள். கேபிள் நடுவில் அறுந்தால் ஒட்டுப் போடலாம், ஆனால் ஒவ்வொரு வயரின் ஒட்டையும் சற்றுத் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் புடைப்பும் வரும், ஒன்றையொன்று தொடவும் செய்யும்.

கம்பெனிக் கேபிளை வெட்டித் திறந்ததும் புதியவர் பலர் திகைத்து நிற்பார்கள். உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட வயர் இருக்காது. முடி போன்ற இழைகள், சிவப்பாகவும் பச்சையாகவும் செம்பு நிறத்திலும், நடுவில் வெள்ளை நூல். அந்த நிறம் பெயின்ட் மாதிரி பூசிய எனாமல், அதுதான் இன்சுலேஷன். பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சையோ நீலமோ இடது, செம்பு நிறம் கிரவுண்டு. ஆனாலும் மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். எனாமலோடு பற்றவைத்தால் ஈயம் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். லைட்டரில் சுடச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன், அந்த மெல்லிய செம்பு கருகி முறுகிவிடும். நூலைப் பிரித்து வெட்டிவிட்டு, அயர்னை 380லிருந்து 400 வரை ஏற்றி, நுனியில் ஈயத்தை ஒரு சொட்டாகத் திரட்டி, அந்தச் சொட்டுக்குள் இழையின் முனையை நுழைத்துச் சில விநாடி பிடியுங்கள். எனாமல் எரிந்து புகை வரும், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். முனையிலிருந்து மேல்நோக்கி வெள்ளி நிறம் ஏறினால் ஈயம் பிடித்துவிட்டது. ஏறாமல் நின்றால் புது ஈயம் தொட்டு மறுபடி. அதன் பிறகு மீட்டரை எடுத்து, பிளக் போடும் முன்பே இந்த முனைகளில் அந்த மூன்று அளவுகளையும் எடுத்துப் பாருங்கள். 30, 30, 60 வந்தால் பிளக் மூடியைக் கேபிளில் கோத்துவிட்டுத் தொடரலாம்.